பிள்ளையின் சிரிப்பு சம்மதமா?

வட அயர்லாந்தின் வடக்குக் கரையில் போர்ட்ஸ்டூவர்ட், கோல்ரெய்ன், போர்ட்ரஷ் என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் பொதுச்சாலையை ஆண்டுதோறும் மே மாதத்தில் சில நாள் அடைத்துவிட்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துகிறார்கள். நார்த் வெஸ்ட் 200 என்பது அதன் பெயர். 2008 மே 15, வியாழக்கிழமை மாலை, அங்கே பயிற்சி ஓட்டத்தின்போது ராபர்ட் டன்லப் விழுந்து இறந்தார். இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, 250 சிசி பந்தயத்துக்கு அவருடைய மகன்கள் இருவரும் வந்து வரிசையில் நின்றார்கள். மூத்தவர் வில்லியமின் வண்டி, பந்தயம் தொடங்குவதற்கு முன் ஓட்டும் சூடேற்றுச் சுற்றிலேயே நின்றுவிட்டது. இளையவர் மைக்கேலுக்கு 19 வயது. அவர் ஓட்டினார், ஜெயித்தார். அந்த வெற்றியை வீரம் என்று கொண்டாடியவர்கள் உண்டு, கண்ணை மூடிக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அன்றைய சனிக்கிழமையைப் பற்றியே பேசின. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பதினைந்து, பதினாறு ஆண்டுகளின் சனிக்கிழமைகள். அந்தப் பையன்களை யாரும் வற்புறுத்தி வண்டியில் ஏற்றவில்லை. பந்தய வார இறுதிகளில் அப்பா கூட்டிக்கொண்டு போனார், பிள்ளைகள் போனார்கள். வேறெதுவும் தேவைப்படவில்லை. தன் உயிரைப் பணயம் வைக்கும் ஒரு விளையாட்டுக்குத் தன் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாய்க்கோ தகப்பனுக்கோ உரிமை உண்டா? உண்டு என்றால் எந்த நிபந்தனையில்? இது குழந்தை வளர்ப்புப் பத்திக்குரிய கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் காணிக்கை, சம்மதம், வாரிசு என்று சமயங்கள் வெகுகாலமாகப் புரட்டிப் பார்த்துவரும் விஷயங்கள் அத்தனையும் இதற்குள் இருக்கின்றன.

முதலில் அந்த வார இறுதி எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும். பந்தயம் என்றதும் மேடையும் ஷாம்பெயினும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு அதன் நிஜம் தெரியாது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சாலைப் பந்தயத்தில் ஓட்டும் பெரும்பாலானவர்கள் வாரநாளில் கட்டட வேலையோ மெக்கானிக் வேலையோ பார்த்து, அந்தக் காசில் டயர் வாங்குகிறவர்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒரு வேனில் வண்டி, டூல்ஸ் பெட்டி, பெட்ரோல் கேன், படுக்கை, பிள்ளைகள் எல்லாம் ஏறும். ஏதோ ஒரு பண்ணை நிலத்தில் வேனை நிறுத்தி, பக்கவாட்டில் தார்ப்பாய்ப் பந்தல் இழுத்துக் கட்டினால் அதுதான் இரண்டு நாளைக்கு வீடு, பட்டறை, சமையலறை. காலையில் ஜெனரேட்டர் சத்தத்தில் பிள்ளைகள் கண் விழிப்பார்கள். டயர்களைச் சூடாக வைத்திருக்கப் போர்வை போன்ற வார்மர்களைச் சுற்றியிருக்கும். பரிசோதகர் வந்து, எஞ்சின் ஆயில் போல்ட் அதிர்வில் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அங்கே வேலை உண்டு. ஓட்டம் முடிந்து அப்பா திரும்பியதும் ஹெல்மெட் கண்ணாடியில் அப்பிக்கிடக்கும் பூச்சிகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கேட்ட நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தர வேண்டும். அடுத்த சுற்றில் அப்பாவுக்குத் தூக்கிக் காட்டும் பலகையில் எண்களைச் செருக வேண்டும். எதிராளியின் வண்டிக்குக் கிளட்ச் தகடு இல்லை என்றால் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு, மதியம் அவனிடமே தோற்று வரும் தகப்பனை அந்தப் பிள்ளை பார்க்கிறது. பள்ளிக்கூடம் இதைக் கற்றுத் தராது. இதை ஒப்புக்கொள்ளாமல் தொடங்கும் எந்தக் கண்டனத்துக்கும் மதிப்பில்லை.

வழக்கமாக எழும் ஆட்சேபம் பிள்ளையின் உடல் பாதுகாப்பைப் பற்றியது. அது நியாயமானதுதான். 1957 மே மாதம் இத்தாலியின் மில்லே மில்யா கார் பந்தயத்தில், குயிதிட்சோலோ என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு ஃபெராரியின் டயர் வெடித்துச் சாலையோரத்தில் நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். சாலை ஓட்டமாக நடந்துவந்த அந்தப் போட்டி அத்தோடு முடிந்தது. மறு ஆண்டு இன்னொரு ஃபெராரி ஓட்டுநர் இறந்தபோது, வாடிகனின் நாளேடு என்ஸோ ஃபெராரியைத் தன் பிள்ளைகளையே விழுங்கும் ரோமானியத் தெய்வம் சாட்டர்னுக்கு ஒப்பிட்டு எழுதியது. ஆனால் பார்வையாளரின் பாதுகாப்பு வேலியாலும் தூரத்தாலும் பெரும்பாலும் தீரக்கூடிய பிரச்சினை. பிள்ளையைச் சுவரிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டால் அது தீர்ந்துவிடும். அதன் பிறகும் மிச்சமிருப்பதுதான் நான் பேச விரும்பும் கேள்வி.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் என்ன மாறுகிறது? தகப்பன் இறக்கும் வாய்ப்பு மாறவில்லை. பிள்ளை தகப்பனை இழக்கும் வாய்ப்பும் மாறவில்லை. அந்த ஆபத்தில் பிள்ளைக்கு எப்போதுமே ஒரு பங்கு இருக்கிறது, அதை யாரும் அதனிடம் கேட்டு வைக்கவில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பங்கு தெரியாது, பந்தல் நிழலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியலாம். அந்த வகையில் கூட்டிப்போவது நேர்மையான செயல். மறைத்து வைப்பதைவிட நூறு மடங்கு மேல். சிக்கல் வேறொரு இடத்தில் தொடங்குகிறது. கூட்டிப்போன பிள்ளை கை தட்டுகிறது, சுவரில் ஏறிக் கத்துகிறது, அப்பாவின் எண் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அந்த மகிழ்ச்சியைப் பார்த்த தகப்பன் தன் கணக்கில் அதை வரவு வைத்துக்கொள்கிறான். மனைவி கேட்டால், தாய் கேட்டால், நடுராத்திரியில் தனக்குத் தானே கேட்டுக்கொண்டால், 'பிள்ளைக்கும் இது உயிர்' என்று சொல்ல முடிகிறது. தான் ஒருவனே சுமக்க வேண்டிய ஒரு முடிவின் எடையில் ஒரு பகுதி இப்படி ஒரு சிறுவனின் தோளுக்குப் போகிறது. கூட்டிப்போவதில் தவறு ஏதாவது இருந்தால் அது இந்த இடத்தில்தான்.

பிள்ளையின் சிரிப்பை நம்பக் கூடாது என்பதற்குத் தமிழில் இதைவிடக் கொடுமையான சான்று இல்லை என்று சொல்லத்தக்க ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சிறுத்தொண்டரிடம் வந்த பைரவ வேடத்தார் கேட்ட பிள்ளைக்கறி விருந்தின் நிபந்தனைகளை நினைத்துப் பாருங்கள். குடிக்கு ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும். வயது ஐந்து. தாய் பிடிக்க, தந்தை அரிய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடுமையானது, இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும் என்பது. பள்ளியிலிருந்து கூட்டிவரப்பட்ட மகன் சீராளன் அந்த நேரத்தில் அழவில்லை, சிரிக்கிறான். அம்மாவும் அப்பாவும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே என்று அவனுக்குச் சந்தோஷம். கதையின் முடிவில் பிள்ளை திரும்ப வருகிறான், எல்லாரும் கயிலை சேர்கிறார்கள். பக்தி மரபு அதைத் திருவருள் என்கிறது, அதோடு எனக்கு வழக்கில்லை. பந்தயக்காரனைச் சிறுத்தொண்டரோடு சமமாக வைக்கவும் நான் வரவில்லை, பந்தயக்காரன் பலி கொடுக்க நினைக்கவில்லை, இழக்க நேர்ந்தால் அது தன் உயிர். நான் எடுத்துக்கொள்வது சேக்கிழார் கவனித்துவைத்த அந்த ஒரு விஷயத்தை மட்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் மகிழ்ச்சி பெரும்பாலும் அதனுடையது அல்ல. பெற்றவர்கள் முகத்தில் எது தெரிகிறதோ அதுவே பிள்ளை முகத்தில் தெரியும். வண்டியைப் பார்த்துப் பிள்ளை பூரிக்கிறது என்று தகப்பன் நினைக்கிறான். வண்டியைப் பார்த்துப் பூரிக்கும் தகப்பனைப் பார்த்துத்தான் அது பூரிக்கிறது. அவன் வரவு வைத்த தொகை அவனே போட்ட தொகை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, உழைக்கிற மக்களின் பக்கத்திலிருந்து வருகிறது. மீன்பிடிக்கிறவன் பிள்ளையோடு கரைக்குப் போகிறான், கடலில் அவனுக்கும் உத்தரவாதம் இல்லை. சுரங்கத் தொழிலாளி, பட்டாசு ஆலைத் தொழிலாளி, ராணுவத்தான், இவர்கள் பிள்ளைகளும் அந்த ஆபத்தின் நிழலில்தான் வளர்கின்றன. அவர்களிடம் கேட்காத கேள்வியைப் பந்தயக்காரனிடம் மட்டும் கேட்பது, வசதி உள்ளவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒழுக்க உபதேசம் இல்லையா? பிழைப்பு வேறு, விளையாட்டு வேறு என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. மனிதர்களுக்குப் பிழைப்பைத் தாண்டியும் தேவைகள் உண்டு, வாரம் முழுக்கச் செங்கல் அடுக்குகிறவனுக்குச் சனிக்கிழமை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் தெளிவு ஆடம்பரம் என்று எப்படி அடித்துச் சொல்வது? வேறுபாடு இன்னொன்று. கடலுக்குப் போகிறவன் தன் பிள்ளையின் கைதட்டலை நம்பிப் படகேறுவதில்லை. பிள்ளை ஊக்கம் காட்டினாலும் அழுதாலும் மறுநாள் வலை இறங்கும், அந்த வேலைக்கான நியாயத்தை அரிசிப்பானை சொல்லிவிடும். விளையாட்டுக்கு அப்படி ஒரு சாட்சி வெளியில் கிடையாது. நியாயம் முழுவதும் விருப்பத்திலிருந்தே வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களின் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை பந்தயக்காரனுக்கு வருகிறது. (வாடிவாசல் கேலரிக்குத் தோளில் பிள்ளையைத் தூக்கிப்போகும் நம்மூர்த் தகப்பனுக்கும் இந்த வரி பொருந்தும், அவன் மாடு பிடிக்கிறவனாக இருந்தால்.)

அடுத்த மறுப்பு தத்துவவாதிகளிடமிருந்து வரும். பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் அறத்தில் அதிர்ஷ்டத்தின் இடத்தைப் பற்றி எழுதியபோது, குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போன கோகன் போன்ற ஒருவனை எடுத்துக்கொண்டார். அவன் முடிவு சரியா என்பதை அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது, அவனாலும் முடியாது. ஓவியம் பிறந்தால் ஒரு நியாயம் பிறக்கும், பிறக்காவிட்டால் அதுவும் இல்லை. தன்னைத் தானாக்கும் ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் துறந்துவிட்ட பெற்றோர், பிள்ளைகளுக்குக் குறைந்த ஒரு மனிதனையே தருகிறார்கள் என்பது இந்த வாதத்தின் உள்ளே இருக்கும் குத்தல். அதை நான் ஏற்கிறேன். துறந்தவர்களின் கசப்பு பிள்ளைகள் மேல் எப்படி இறங்கும் என்று எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும். ஆனால் கோகனுக்கு அதிர்ஷ்டம் ஒரு தடவை விழுந்தால் போதும். பந்தயக்காரனுக்கு ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அது விழ வேண்டும், அப்படி விழும்போதெல்லாம் திறமை என்ற பெயரில் விழுகிறது. ராபர்ட்டின் அண்ணன் ஜோயி டன்லப்பைப் பாருங்கள். ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பந்தயத்தில் 26 முறை ஜெயித்தவர். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் அந்த மலைச்சுற்று, கல்சுவர்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடுவே போகிறது. 1911 முதல் அதில் 260-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே பிழைத்தவர், 2000 ஜூலை 2 அன்று எஸ்டோனியாவின் டாலினில், பெரிதாக யாரும் கவனிக்காத ஒரு 125 சிசி பந்தயத்தில், மழையில், முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது சாலையை விட்டு விலகி மரங்களில் மோதி இறந்தார். வயது 48. ஐந்து பிள்ளைகள். வட அயர்லாந்தின் பாலிமணியில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள். கவனமானவர், அவசரப்படாதவர் என்று எல்லாரும் சொன்ன மனிதர். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைக்கு எது அதிர்ஷ்டம், எது திறமை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அப்பா கெட்டிக்காரர், அதனால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கையைத் திருத்தாமல் விட்டுவிடுவது தகப்பனுக்கு வசதி.

ஜோயியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் தன் வேனில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு, ருமேனியா, போஸ்னியா, அல்பேனியா நாடுகளின் அநாதை இல்லங்களுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். 1996-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குத் தந்த ஓ.பி.இ. விருது இந்தச் சேவைக்காகத்தான். தகப்பன் இல்லாத பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. இதை வைத்து அவரை முரண்பாட்டின் உருவம் என்று சொல்லத் தோன்றும், அது மலிவான புத்திசாலித்தனம். ஒரு மனிதன் குழந்தைகளை மனதார நேசித்துக்கொண்டே அவர்கள் தன்னை இழக்கும் ஆபத்தையும் வைத்துக்கொண்டிருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. அன்பு இல்லாதவர்கள் செய்யும் காரியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அன்பு இருப்பதால்தான் சம்மதத்தைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவு கனம்.

இனி வாரிசு. பௌத்த நூலான மகாவக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இந்த இடத்துக்கென்றே சொன்னது போல இருக்கிறது. ஞானம் பெற்ற புத்தர் கபிலவஸ்துவுக்கு வருகிறார். யசோதரை மகன் ராகுலனை அனுப்பி, அப்பாவிடம் உன் சொத்தைக் கேள் என்கிறாள். பிள்ளை பின்னாலேயே போய்க் கேட்கிறது. அப்பாவிடம் இருக்கும் ஒரே சொத்து துறவு. அதையே புத்தர் கொடுக்கிறார், அவர் சொல்லச் சீடர் சாரிபுத்தர் பிள்ளைக்குத் துறவு கொடுத்துவிடுகிறார். கிழவர் சுத்தோதனர் துடித்துப்போய் வருகிறார். மகன் போனபோது வலித்தது, இப்போது பேரன் போகிறான், வலி தோலைத் துளைத்து எலும்பு மஜ்ஜை வரை இறங்குகிறது என்கிறார். இனி பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று வரம் கேட்கிறார். புத்தர் அதை விதியாகவே ஆக்கிவிடுகிறார். இந்தக் கதையில் எனக்குப் பெரியதாகத் தெரிவது புத்தரின் கொடை அல்ல, தாத்தாவின் ஆட்சேபமும் அது ஏற்கப்பட்டதும். தகப்பன் தன் பாதையைவிட உயர்ந்த சொத்து இல்லை என்று மனதார நம்புகிறான், அதைக் கேட்கும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்க அவனால் முடியாது. அந்தப் பாதைக்கு வெளியே நிற்கும் ஒருவரே அவனைத் தடுக்க முடியும். மோட்டார் பந்தயத்தில் இந்த விதி தலைகீழாகிவிடுகிறது. அங்கேயும் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவனே பாதைக்குள் இருப்பவன். 2021-இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நடந்த சுற்றுப் பந்தயங்களில் 14, 15, 19 வயதுப் பையன்கள் மூவர் சில மாத இடைவெளியில் இறந்த பிறகுதான், உலகச் சாம்பியன்ஷிப்புக்குக் குறைந்தபட்ச வயது, சில விதிவிலக்குகளுடன், 2023 முதல் 18 என்று உயர்த்தப்பட்டது. அதே 2023 ஆகஸ்டில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், தேசியச் சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். அந்தப் பெற்றோரின் துயரத்துக்கு முன் யாரும் நீதிபதியாகப் போய் நிற்கக் கூடாது. ஆனாலும் வீட்டிலிருந்து வரும் கையெழுத்தை மட்டும் நம்பி ஒரு விளையாட்டு இயங்கக் கூடாது என்பதை அந்தத் துயரமே சொல்கிறது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கோயிலுக்குக் கூட்டிப்போகும் தாயும் இதைத்தானே செய்கிறாள்? ஐந்து வயதில் பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொள்வது அம்மா போட்டுக்கொள்வதால்தான். தேவாலயம், மசூதி, கட்சி மாநாடு, சங்கீத சபை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெற்றவர் மகிழ்ச்சியிலிருந்து பிறக்காத விருப்பம் என்று ஒன்றைத் தேடப் போனால் யாருக்கும் எந்த விருப்பமும் மிஞ்சாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அதைப் பொய் என்று தள்ள முடியாது. 2022 ஜூன் 10 அன்று டி.டி.யின் சைட்கார் பந்தயத்தில் ராஜர் ஸ்டாக்டன், பிராட்லி ஸ்டாக்டன் என்று தகப்பனும் மகனும் ஒரே வண்டியில் இறந்தார்கள். சைட்காரில் ஒருவர் ஓட்ட, மற்றவர் ஒவ்வொரு வளைவிலும் உடம்பை வெளியே சாய்த்து வண்டியைத் தரையில் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் உயிர் மற்றவர் கையில். மகனுக்கு வயது 21. அந்த வயதில் அவர் தந்த சம்மதம் முழுமையான சம்மதம், அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1980-இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவும். வளர்ந்த பிறகு தானே தேர்ந்துகொள்ளத் தேவையான வழிகள் அடைபடாமல் இருக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு, பெற்றோர் அந்த உரிமையைக் காப்பாற்றித் தர வேண்டும் என்றார் அவர். கோயிலாக இருந்தாலும் பந்தயமாக இருந்தாலும் பார்க்க வேண்டியது கதவு திறந்திருக்கிறதா என்பதை. பதின்மூன்று வயதில் பிள்ளை 'நான் வரவில்லை' என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? அன்றைய சாப்பாட்டு மேசையில் அப்பாவின் முகம் எப்படி இருக்கிறது? பந்தயக் குடும்பங்களில் இந்தக் கதவு மற்ற இடங்களைவிடக் கனமானது. கோயிலுக்குப் போகாத பிள்ளை ஒரு நம்பிக்கையை மறுக்கிறது. பந்தயத்துக்குப் போகாத பிள்ளை, அப்பாவைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பையும் விட்டுவிடுகிறதோ என்று பயப்படுகிறது. அந்தப் பயத்தால் கூடவே போகும் பிள்ளையை ரசிகன் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆகவே பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்றே சொல்வேன், ஆனால் முழுவதையும் காட்டக் கூட்டிப்போக வேண்டும். பந்தயம் நடுவே நிறுத்தப்பட்டுச் சிவப்புக் கொடி விழும்போது வேன்கள் நிற்கும் அந்த மைதானத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துக்கொள்ளும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். யாராவது ஒருவர் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித்தர அழைத்துக்கொண்டு போவார். அன்பான செயல்தான். ஆனால் அந்த ஐஸ்கிரீமில் ஒரு பொய் இருக்கிறது. கோப்பையைத் தூக்கும் நேரத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், ஆம்புலன்ஸ் போகும் நேரத்தில் அதை வேனுக்குள் அனுப்பினால், பந்தயத்தின் பாதியைத்தான் காட்டியிருக்கிறார்கள். பாதியைப் பார்த்துவிட்டு வந்த விருப்பத்தைச் சம்மதம் என்று கணக்கில் எடுக்க முடியாது. குழந்தையிடம் சாவைப் பேசுவது கொடூரம் என்று ஆட்சேபிப்பார்கள். அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் கிராமங்களில் இறந்தவரைப் பெட்டியில் வைத்து வீட்டுக் கூடத்திலேயே இரவெல்லாம் காக்கும் வழக்கம் இன்றும் உண்டு, பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் நடமாடுகின்றன. நம் எழவு வீடுகளிலும் பந்தலுக்குக் கீழே குழந்தைகள் விளையாடத்தான் செய்கின்றன. சாவைக் குழந்தைகளிடமிருந்து மறைப்பது இந்த இரண்டு சமூகங்களுக்கும் பழக்கமில்லாத ஒன்று. பந்தயத் தகப்பன் மறைக்கும்போது குழந்தையின் மென்மையான மனதைக் காப்பாற்றுவதாக நினைக்கிறான், தன் விளையாட்டின் பெயரையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொள்கிறான்.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சான்று டன்லப் குடும்பத்திலேயே இருக்கிறது. 1994 டி.டி.யில் ராபர்ட்டின் வண்டியில் பின்சக்கரம் நொறுங்கியது. அவருடைய வலது கையும் காலும் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை. பிரேக்கைக் கட்டைவிரலால் அழுத்தும்படி வண்டியை மாற்றிக்கொண்டு, ஓட்ட அனுமதி கேட்டு அதிகாரிகளோடு மல்லுக்கட்டித் திரும்ப வந்தார். அப்போது வில்லியமுக்கு எட்டு வயது, மைக்கேலுக்கு ஐந்து. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் மறைக்க முடிந்திருக்காது, மருத்துவமனையையும் வளைந்த கையையும் வீட்டிலேயே பார்த்துத்தான் வளர்ந்தார்கள். முழுவதையும் பார்த்தார்கள், இருந்தும் ஓட்டினார்கள். அப்படியானால் காட்டுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பிள்ளைகளை விரட்டுவதற்கு என்று நினைத்தால் பயன் இல்லைதான். தெரிந்து எடுத்த முடிவுக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும், அதற்காகத்தான் காட்டுவது. 2008-இன் அந்தச் சனிக்கிழமையை நான் ஓரளவு மதிக்க முடிவதும் இதனால்தான். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்த இருவரும் வரிசையில் வந்து நிற்கவில்லை. மைக்கேல் 2024 ஜூனில் பெரியப்பாவின் 26 வெற்றிகளைத் தாண்டினார். குடும்பப் பெருமை என்று எழுதித் தள்ளினார்கள். எழுதியவர்களில் பலர் வில்லியமின் பெயரை ஒரு வாக்கியத்தில் கடந்தார்கள்.

வில்லியம் 2018-இல் டி.டி.யிலிருந்து தானாக விலகிக்கொண்டார். இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த துணைவியின் உடல்நிலை பற்றிய கவலை காரணம். அடுத்த மாதம், ஜூலை 7 அன்று, டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரிஸ் 100 பந்தயத்தின் பயிற்சியில் இறந்தார். விலகலையும் திரும்பலையும் அடுத்தடுத்து வைத்து ஒரு பாடம் எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விலகல் ஒன்றைக் காட்டுகிறது. வீட்டிலிருந்து வரும் ஒரு 'வேண்டாம்' பந்தயத்தை நிறுத்த முடியும், ஒரு வாரத்துக்காவது, உலகின் மிகப் பெரிய சாலைப் பந்தயத்தையே. பிள்ளையின் 'வேண்டாம்' அந்த அளவு எடை பெறுமா? பிள்ளைக்கு வீட்டோ அதிகாரம் தரச் சொல்லவில்லை, எட்டு வயதுப் பயத்துக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை முழுவதும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த மறுப்பால் எதுவுமே அசையாது என்றால், அந்தப் பிள்ளையின் உற்சாகத்தையும் எதற்கும் ஆதாரமாகக் காட்டக் கூடாது. மறுக்க முடியாதவரின் சம்மதத்துக்குச் சட்டத்திலும் மதிப்பில்லை, சமயத்திலும் இருக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை பிள்ளை பாட்டி வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லட்டும். தகப்பன் முகம் சுளிக்காமல் தனியாக வேனை எடுத்துக்கொண்டு போகட்டும். பலகையை வேறு யாராவது தூக்கிக் காட்டுவார்கள், பூச்சிகளை அவனே துடைத்துக்கொள்வான். அப்போதும் பந்தயம் அவனுக்கு அதே அளவு வேண்டியிருந்தால் அது அவனுடையது, அதன் பொறுப்பும் அவனுடையது. பாதி சுவை போய்விட்டது என்று பட்டால், அத்தனை வருஷமும் பிள்ளையிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.